1/35 சோவியத் போர்க்கால லாரிகள்: லதோகா பனிப்பாதைக்கு எந்த கிட் வாங்குவது?

செம்மண்சாலை:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை காலம் போர் டாங்க் மாடல் மட்டுமே கட்டி வந்தவன், இப்போதுதான் லாரி பக்கம் வருகிறேன். லெனின்கிராட் முற்றுகை சமயத்தில் லதோகா ஏரி உறைந்ததும் அந்தப் பனிக்கட்டி மேலேயே லாரி ஓட்டி ஊருக்கு மாவு கொண்டுபோனார்களே, அதை ஒரு சின்ன டயோராமாவாக, அதாவது குட்டி மாடல் காட்சியாகச் செய்ய ரொம்ப ஆசை. 1/35 அளவு (நிஜத்தில் 35ல் ஒரு பங்கு), ஒரே ஒரு லாரி, பக்கத்தில் ஓட்டுநர், கீழே பனி, அவ்வளவுதான். காலம் 1941 நவம்பர் கடைசி.

காஸ் என்ற சோவியத் கம்பெனியின் ஒன்றரை டன் லாரிதான் வேண்டும் என்பது வரை தெரியும். ஆனால் மாடல் கம்பெனிகளில் மினிஆர்ட்டில் மட்டுமே அதற்குப் பல கிட் பெட்டிகள் இருக்கின்றன, ஸ்வெஸ்தாவும் போட்டிருக்கிறது. என் கண் மினிஆர்ட்டின் காஸ்-எம்எம் 1943 மாடல் மேல் இருக்கிறது. தகரத்தை மடக்கி அடித்த மாதிரி கோணலான மட்கார்டு, ஒரே ஒரு ஹெட்லைட், பார்த்த உடனே போர்க்கால லாரி என்று தெரிந்துவிடுகிறது. அதையே வாங்கிவிடலாமா? ஒரு கிட்டுக்குத்தான் இப்போது காசு இருக்கிறது, அதனால்தான் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று.

சக்கரவியூகம்35:

நல்ல கிட்தான் தம்பி, ஆனால் உங்கள் காட்சிக்கு அது வேண்டாம். 1941 நவம்பரில் அந்த உருவத்தில் ஒரு லாரி உலகத்திலேயே கிடையாது.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் பெட்டிகளுக்குள் வித்தியாசம் பிடிபடும். சோவியத் அரசு 1929ல் ஃபோர்டோடு ஒப்பந்தம் போட்டது. நிஷ்னி நோவ்கோரதில் கட்டிய தொழிற்சாலையிலிருந்து 1932 ஜனவரியில் முதல் லாரி வெளியே வந்தது, அதே வருஷம் ஊருக்கு கார்க்கி என்று பேர் மாற்றினார்கள். அந்த வண்டிதான் காஸ்-ஏஏ, அடிப்படையில் ஃபோர்டு ஏஏ. நாலு சிலிண்டர், 40 குதிரைசக்தி, ஒன்றரை டன் சுமை. அங்கே எல்லாரும் பொலுதோர்க்கா என்றுதான் கூப்பிட்டார்கள். 1938லிருந்து 50 குதிரைசக்தி எஞ்சினோடு காஸ்-எம்எம் வந்தது. பானெட்டை மூடிவிட்டால் ஏஏ எது, எம்எம் எது என்று வெளியிலிருந்து சொல்வது கஷ்டம், அதனால் அந்தக் குழப்பத்தில் நீங்கள் மாட்டிக்கொள்ளவே வேண்டாம்.

பார்க்க வேண்டியது உடலை. போருக்கு முன் வந்த லாரியில் மட்கார்டு அச்சில் அழுத்தி வளைத்த தகடு, அழகாக உருண்டு இறங்கும். தகரக் கேபின், தகரக் கதவு, இரண்டு ஹெட்லைட், முன்னால் பம்பர், சரக்குப் பெட்டியின் பக்கப் பலகைகள் மூன்று பக்கமும் இறங்கும். 1942ல் இதெல்லாம் ஒவ்வொன்றாகப் போகிறது. மட்கார்டு சாதாரணத் தகட்டை மடக்கிச் செய்தது. கதவு இருந்த இடத்தில் கேன்வாஸ் துணி. ஹெட்லைட் ஓட்டுநர் பக்கத்தில் மட்டும் ஒன்று. பம்பர் கிடையாது, முன் சக்கரத்துக்கு பிரேக் கிடையாது, சரக்குப் பெட்டியில் பின் பலகை மட்டும்தான் திறக்கும். ரப்பர் தட்டுப்பாட்டில் பின்னால் இரட்டைச் சக்கரத்துக்குப் பதில் ஒற்றைச் சக்கரத்தோடு நிற்கும் வண்டிகளும் உண்டு. 1943ல் துணிக்குப் பதில் மரக்கதவு வருகிறது. உங்களுக்குப் பிடித்த பெட்டி இந்தக் கடைசிக் கட்டம்.

ஆக, நீங்கள் மினிஆர்ட்டின் காஸ்-ஏஏ பெட்டியையோ, 1941 என்று போட்ட காஸ்-எம்எம் பெட்டியையோ எடுங்கள். இரண்டில் எது மலிவாகக் கிடைத்தாலும் சரி.

குட்டிஅளவு72:

எனக்கு இதில் வேறு கருத்து. மட்கார்டு வளைந்திருந்தால் என்ன, மடங்கியிருந்தால் என்ன? தம்பிக்கு அந்த வண்டியின் தோற்றம் பிடித்திருக்கிறது. பிடித்த பெட்டியை வாங்கினால்தான் வேலை முடியும், பிடிக்காத பெட்டி அலமாரியிலேயே கிடக்கும். டயோராமாவைப் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது பனியும் ஆளும்தான். கட்டுகிற சந்தோஷத்தைத் தேதிக் கணக்கு போட்டுக் கெடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

சக்கரவியூகம்35:

நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம் சார். தேதி போடாத டயோராமா என்றால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அவர் 1941 நவம்பர் என்று சொல்லிவிட்டார், அதனால்தான்.

அப்புறம், அந்த மட்கார்டு வெறும் தோற்றம் இல்லை. அது ஏன் மடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். மெல்லிய எஃகுத் தகடு உருட்டுவதில் முக்கியமான ஆலை ஸப்பரோஷியாவில் இருந்தது. 1941 ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் அதைக் கழற்றி ரயிலில் ஏற்றிக் கிழக்கே அனுப்பினார்கள், ஊர் ஜெர்மானியர் கையில் போனது. அச்சில் அழுத்தி வளைக்கிற தரமான தகடு இல்லாமல் போனதும் கிடைத்த தகட்டை வெட்டி மடக்கினார்கள். கேபினுக்கு மரம், கதவுக்குத் துணி. ஒரு நாட்டின் எஃகு எங்கே போனது என்பது அந்த மட்கார்டில் இருக்கிறது. லதோகாவில் முதல் நாள் ஓடிய லாரிகள் அந்தத் தட்டுப்பாடு உருவத்தில் தெரிவதற்கு முன்னால் வந்தவை. உருண்ட மட்கார்டோடு, அமைதிக்கால லாரியாகவே பனிமேல் ஏறின. எனக்கு அதுதான் அந்தக் காட்சியின் கனமே. கூட்டுப்பண்ணையில் கோதுமை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி, தொழிற்சாலையில் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி என்று திரட்டிக் கொண்டுவந்தவையும் அதில் உண்டு.

வரலாற்றுவாசகி:

செம்மண்சாலை, கிட் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் காட்சிக்கு உதவுகிற விஷயங்களைச் சொல்கிறேன்.

முற்றுகை தொடங்கியது 1941 செப்டம்பர் 8. நவம்பர் 20லிருந்து தொழிலாளர்களுக்கு நாளைக்கு 250 கிராம் ரொட்டி, மற்றவர்களுக்கு 125 கிராம். அதுவும் கலப்பட மாவு. நவம்பர் 22 அன்று முதல் லாரி வரிசை ஏரியைக் கடந்து கிழக்குக் கரையில் கோபோனாவுக்குப் போனது. 60 லாரிகள், எல்லாம் ஒன்றரை டன் ரகம். திரும்பி வரும்போது கொண்டுவந்தது 33 டன் மாவு. வகுத்துப் பாருங்கள், ஒரு லாரிக்கு அரை டன்னுக்குச் சற்று மேல், அதாவது ஏற்ற முடிந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். காரணம் பனியின் கனம். ஒரு டன் சுமையோடு லாரி போவதற்கு 20 செ.மீ. கனமாவது வேண்டும் என்பது அவர்கள் கணக்கு, அன்றைக்குப் பாதை முழுக்க அது இல்லை.

அதனால் தயவுசெய்து சரக்குப் பெட்டியில் மூட்டையை மலைபோல் அடுக்காதீர்கள். இந்தக் காட்சியைச் செய்கிற பலரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஏழெட்டு மூட்டை, பெட்டியின் தரை நன்றாகத் தெரிகிற மாதிரி. சுமையைப் பரப்புவதற்காக லாரிக்குப் பின்னால் சறுக்குவண்டி கட்டி, மூட்டைகளில் பாதியை அதில் ஏற்றுவதும் உண்டு, வேண்டுமானால் அதையும் செய்யலாம்.

இன்னொன்று, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து வையுங்கள், அல்லது கழற்றியே விடுங்கள். பனி உடைந்தால் குதிப்பதற்கு நேரம் வேண்டும் என்று அவர்கள் அப்படித்தான் ஓட்டினார்கள், அந்தக் குளிரில்.

செம்மண்சாலை:

அம்மாடி. மூட்டையைக் குவித்து வைக்கத்தான் திட்டம் போட்டிருந்தேன், அதை விட்டுவிடுகிறேன். சரி, காஸ்-ஏஏதான், முடிவு செய்துவிட்டேன். கதவைத் திறந்து வைத்தால் கேபினுக்குள்ளும் வேலை செய்ய வேண்டுமே, கிட்டில் உள்ளே என்னென்ன வரும்?

ஒட்டுக்காரர்:

மினிஆர்ட்டில் உள்வேலை தாராளமாக வரும், கவலை வேண்டாம். கதவுகள் தனிப் பாகம். எஞ்சின், கியர் ராடு, பெடல், சீட் எல்லாம் உண்டு. சிறு பாகங்கள் ரொம்ப அதிகம், அதுதான் அந்தக் கம்பெனியின் குணம். பாகத்தை ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டும்போது மெல்லிய ரம்பத் தகடு வைத்து அறுத்து எடுங்கள், நிப்பர் வைத்து அழுத்தினால் கம்பி மாதிரியான பாகங்கள் முறியும்.

கேபினில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த லாரிக்குப் பெட்ரோல் டாங்க் டாஷ்போர்டுக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. 40 லிட்டர். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி எஞ்சினுக்குப் போகும். அதனால் பெட்ரோல் ஊற்றும் மூடி முன் கண்ணாடிக்கு நேர் முன்னால் தெரியும். அந்த மூடியைச் சுற்றிக் கொஞ்சம் பெட்ரோல் வழிந்த கறை, பளபளப்பான வார்னிஷை நீர்க்கவிட்டு ஒரே ஒரு கோடு இழுத்தால் போதும், வண்டிக்கு உயிர் வந்துவிடும். போர் டாங்க் கட்டுகிறவர்கள் டீசல் கறையைப் பின்னால் போட்டே பழகியதால் இதை மறந்துவிடுவார்கள்.

சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு வருகிறேன், லாரியில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. டாங்கில் ஒரு சக்கரம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டால் செயின் மறைத்துவிடும். லாரியில் ஒரு டயர் தரையைத் தொடாவிட்டால் மூன்றடி தூரத்திலிருந்தே தெரியும். ஒரு தடித்த கண்ணாடித் துண்டையோ டைல்ஸையோ மேஜையில் போட்டு, அதன் மேல் வைத்தே சேஸிஸ் சட்டத்தை ஒட்டுங்கள். இரண்டு நீளச் சட்டமும் குறுக்குச் சட்டமும் செங்கோணத்தில் நிற்கிறதா என்று பார்த்து, பசை முழுக்கக் காய ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். முன் ஸ்ப்ரிங் இந்த வண்டியில் குறுக்காக வரும், ஃபோர்டு பாணி, ஒற்றை ஸ்ப்ரிங். அதன் நடு, சேஸிஸின் நடுவில் உட்காராவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும், அப்புறம் என்ன செய்தாலும் நிமிராது. பின்னால் இரண்டு பக்கமும் நீள ஸ்ப்ரிங். நான்கு பக்கமும் பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, சக்கரத்தையும் மாட்டிக் கண்ணாடி மேல் நிறுத்தி, அடியில் ஒரு காகிதம் நுழைகிறதா என்று பார்த்த பிறகே பசை.

டயர் பற்றியும் ஒரு வார்த்தை. சில பழைய கிட்களில் மெத்தென்ற வினைல் டயர் வரும். அதிலிருக்கும் எண்ணெய் வருஷக்கணக்கில் கசிந்து பிளாஸ்டிக் ரிம்மை உருக்கிவிடும். அப்படிப்பட்ட கிட் கையில் இருந்தால் ரிம்மில் எனாமல் பெயிண்ட் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் ரெசின் டயர் வாங்கி மாற்றிவிடுங்கள்.

பீரங்கிப்பிரியன்:

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம், இதே மாதிரி ஒரு சந்தேகம் எனக்கும். கத்யூஷா என்ற ராக்கெட் ஏவுவண்டி முதன்முதலாகச் சுட்டது ஓர்ஷா ரயில் நிலையத்தில், 1941 ஜூலை 14. அதைச் செய்ய ஐசிஎம் கம்பெனியின், ஸ்டூடிபேக்கர் என்ற அமெரிக்க லாரி மேல் வரும் பிஎம்-13 (கத்யூஷாதான்) கிட் எடுத்து வைத்திருக்கிறேன். இது சரியா? ஒரு நினைவுச் சின்னத்தின் படமும் வைத்திருக்கிறேன், அதில் இருக்கும் லாரியின் முகம் இந்தக் கிட்டோடு சேரவில்லை.

சக்கரவியூகம்35:

ஓர்ஷாவுக்கு ஸ்டூடிபேக்கர் சேராது. அன்று சுட்டது கேப்டன் ஃப்ளேரவின் பேட்டரி (பீரங்கிப் பிரிவு), அதில் இருந்த ஏழு ஏவுவண்டிகளும் ஸிஸ்-6 மேல் கட்டியவை. ஸிஸ்-5 மூன்று டன் லாரியின் ஆறு சக்கர அண்ணன் அது, பின்னால் இரண்டு அச்சு. மாஸ்கோவின் ஸ்டாலின் தொழிற்சாலை 1941 அக்டோபரில் ஊரை விட்டுக் கிளம்பியபோது ஸிஸ்-6 உற்பத்தியும் நின்றுபோனது. அதன் பிறகு ராக்கெட் ஏவுசட்டத்தைக் கிடைத்த வண்டியிலெல்லாம் மாட்டினார்கள். எஸ்டிஇசட்-5 டிராக்டர், பிரிட்டிஷ் ஃபோர்டு டபிள்யூஓடி-8, செவர்லே, கடைசியில் 1943லிருந்து ஸ்டூடிபேக்கரே நிரந்தரமானது. டபிள்யூஓடி-8 மேல் வருவதையும் ஐசிஎம் 1/35ல் போட்டிருக்கிறது, பலர் கண்டுகொள்ளாத அருமையான கிட். உங்கள் கையில் இருக்கும் பெட்டியை வைத்து 1944 பெலாரஸ், 1945 பெர்லின் எது வேண்டுமானாலும் செய்யலாம்.

நினைவுச் சின்னத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரஷ்யாவிலும் சுற்றிலும் பீடத்தின் மேல் நிற்கும் கத்யூஷாக்களில் நிறைய, போருக்குப் பின் வந்த ஸிஸ்-151, ஸில்-157, ஸில்-131 லாரிகளின் மேல் இருப்பவை. ஏவுசட்டம் 1950கள், 60கள் வரை ராணுவத்தில் இருந்ததால் அப்படி. படத்தில் முகம் சேராததற்குக் காரணம் இதுதான். ஸிஸ்-5க்கும் இதே கதை. மியாஸ் தொழிற்சாலையில் 1944 ஜூலையில் ஆரம்பித்த உற்பத்தி போர் முடிந்தும் 1950களின் நடுப்பகுதி வரை ஓடியது, இன்று அருங்காட்சியகத்தில் நிற்பதில் பல அந்த வண்டிகள். பழுதுபார்த்து ஓட்டுகிறவர்கள் கிடைத்த கதவை, கிடைத்த விளக்கை மாட்டியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, வண்டி ஓடுவதே பெரிய காரியம். நமக்குத்தான் ஆதாரம் அந்த வருஷத்துக் கறுப்பு வெள்ளைப் படம்.

வரலாற்றுவாசகி:

ஃப்ளேரவ் பேட்டரி பற்றிச் செய்கிறவர்கள் அதன் முடிவையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1941 அக்டோபரில் அவர்கள் சுற்றிவளைக்கப்பட்டபோது ஏவுவண்டிகள் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தாங்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஃப்ளேரவும் அங்கேயே இறந்தார். ஜூலை 14ஐ மட்டும் கொண்டாட்டமாகச் செய்கிற மாடல்களைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

பீரங்கிப்பிரியன்:

நன்றி. அப்படியானால் ஸ்டூடிபேக்கரை 1944க்கு மாற்றிவிடுகிறேன். ஆனால் அமெரிக்க லாரியை சோவியத் பச்சையில் அடிக்க வேண்டுமா?

மெல்லிய_தூரிகை:

வேண்டாம். ஸ்டூடிபேக்கர் அமெரிக்க ஆலிவ் டிராப் நிறத்தில் வந்தது, அப்படியேதான் ஓடியது. ரொம்ப நாள் ஓடி பழுதுபார்க்கப்பட்ட வண்டி என்றால் ஒரு கதவு, ஒரு பலகை மட்டும் சோவியத் 4பிஓ பச்சையில் அடிக்கலாம், பார்க்க நன்றாக இருக்கும். ஏவுசட்டம் மட்டும் 4பிஓ, லாரி ஆலிவ் டிராப் என்பது என் விருப்பம். சட்டம் சோவியத் தயாரிப்பு, லாரி இந்தியானாவில் செய்தது, இரண்டும் ஒரே நிறத்தில் இருக்க அவசியமில்லை.

செம்மண்சாலைக்கு: உங்களுடையது முழுக்க 4பிஓ. இது எந்தப் பச்சை என்று மாடல்காரர்கள் காலம்காலமாகச் சண்டை போடுகிறார்கள், நீங்கள் அதில் விழ வேண்டாம். கொஞ்சம் மஞ்சள் கலந்த, புழுதி படிந்த புல் நிறம் என்று மனதில் வையுங்கள். ஏகே ரியல் கலர்ஸ் பெயிண்டில் அதே பெயரிலேயே புட்டி கிடைக்கிறது. 1/35க்கு அந்தப் பச்சையை அப்படியே அடித்தால் இருட்டாகத் தெரியும், பத்தில் ஒரு பங்கு மஞ்சளான வெளிர் நிறம் கலந்து அடியுங்கள். சேஸிஸ் சட்டமும் அச்சும் கறுப்பு, அதுவும் சுத்தக் கறுப்பு வேண்டாம், கரும்பழுப்புக்குப் பக்கத்தில். மழைக்காலத்தில் அடிக்கிறீர்கள் என்றால் கம்ப்ரெசருக்கும் ஏர்பிரஷுக்கும் நடுவில் நீர்வடிப்பான் கட்டாயம், இல்லாவிட்டால் பானெட் மேல் துளித்துளியாகத் தண்ணீர் துப்பும்.

சரக்குப் பெட்டியைப் பற்றிக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மரம் என்றதும் எல்லாரும் அழகான தேக்கு நிறத்தில் ரேகை ரேகையாக அடித்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டியும் பச்சைதான், தொழிற்சாலையிலேயே அடித்தது. உள்ளே தரைப் பலகையில் மூட்டை இழுத்து இழுத்துப் பச்சை தேய்ந்து சாம்பல் நிற மரம் தெரிகிற இடம் நடுவில்தான், ஓரங்களில் பச்சை அப்படியே இருக்கும். ஹேர்ஸ்ப்ரே முறையில் செய்யலாம்: முதலில் வெளிர் சாம்பல், அதன் மேல் ஹேர்ஸ்ப்ரே, அதன் மேல் அக்ரிலிக் பச்சை, பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் தொட்ட கடினத் தூரிகையால் பலகையின் நீளவாக்கில் தேய்த்தால் தேய்மானம் இயற்கையாக வரும். பலகை இடுக்குகளில் மாவுத் தூசி கொஞ்சம், வெள்ளைப் பிக்மென்ட் பவுடர் தொட்டு வையுங்கள்.

வண்டிக்கு வெள்ளை அடிக்க வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். அன்றைக்கு ஓடிய எல்லா லாரிக்கும் வெள்ளை அடித்திருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். வெள்ளைப் பனியில் பச்சை லாரிதான் கண்ணுக்கும் நன்றாக நிற்கும்.

செம்மண்சாலை:

ஸ்டூடிபேக்கர் பேச்சு வந்ததால் கேட்கிறேன், லதோகாவில் பின்னாளில் அதுவும் ஓடியதா? அடுத்ததாக ஒன்று கட்ட ஆசை வந்துவிட்டது.

சக்கரவியூகம்35:

முதல் குளிர்காலத்தில், அதாவது 1941 நவம்பரிலிருந்து 1942 ஏப்ரல் 24 வரை, பாரத்தைச் சுமந்தது பொலுதோர்க்காவும் ஸிஸ்-5ம்தான். ஸ்டூடிபேக்கர் பெருவாரியாக வந்தது அதற்குப் பிறகு. ஏறக்குறைய இரண்டு லட்சம் வண்டிகள் சோவியத்துக்குப் போயிருக்கின்றன. அதில் நிறைய ஈரான் வழி: பெட்டிகளில் பிரித்து அடைத்து கப்பலில் வந்து, அந்திமெஷ்கிலும் கோரம்ஷாரிலும் பொருத்தி, அங்கேயே சரக்கு ஏற்றி வடக்கே ஓட்டிப் போனார்கள். ஈரான் வழியாக சோவியத்துக்கு சரக்கு போன வேலையில் அன்றைய இந்திய ராணுவத்தின் போக்குவரத்துச் சேவைப் படையும் இருந்தது. அந்தப் படையைச் சேர்ந்த இருவருக்கு சோவியத் அரசு செந்நட்சத்திர விருது கொடுத்தது. நம் பக்கத்து ஓட்டுநர்கள் மலைப்பாதையில் சோவியத் சரக்கோடு போன காட்சியை இதுவரை யாரும் டயோராமாவாகச் செய்து நான் பார்த்ததில்லை. யாராவது செய்தால் முதல் ஆளாக வந்து பார்ப்பேன்.

ஒட்டுக்காரர்:

நல்ல யோசனை, தனி இழையே போடலாம் அண்ணா.

1943 பெட்டியை எப்போதாவது வாங்குகிறவர்களுக்காக ஒரு குறிப்பு இங்கேயே போட்டு வைக்கிறேன். அந்த மடக்கிய மட்கார்டு நிஜத்தில் மெல்லிய தகடு. கிட்டில் பிளாஸ்டிக் பொதுவாக அரை மில்லிமீட்டர் கனமாவது வரும். அதை 35ஆல் பெருக்கினால் 17 மில்லிமீட்டருக்கு மேல், டாங்கின் மேல்தகடு கனம் வந்துவிடும். அடிப்பக்கத்திலிருந்து கத்தியின் முதுகால் சுரண்டி ஓரத்தை மட்டும் மெலிதாக்கினால் கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும், நடுவைத் தொட வேண்டாம். இன்னும் துணிச்சல் உள்ளவர்கள் குளிர்பானக் கேனை வெட்டி, கிட் மட்கார்டையே அளவுக்கு வைத்துப் புதிதாக மடக்கலாம். உருண்ட மட்கார்டில் இதைச் செய்ய முடியாது, மடக்கியதில் சுலபம், ஏனென்றால் கார்க்கி தொழிற்சாலையில் செய்ததும் அதே வேலைதான். அதில் ஒரு நசுங்கலோ வளைவோ போட்டால் நிஜத் தகடு மாதிரியே மடங்கும்.

துணிக் கதவுக்கு டிஷ்யூ பேப்பரின் ஒரு அடுக்கைப் பிரித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துத் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் பெயிண்ட்.

குட்டிஅளவு72:

என் அளவிலும் இந்த லாரிகள் எல்லாம் உண்டு என்று சொல்லிவிடுகிறேன், யாரும் கவனிப்பதில்லை. பெலாரஸின் பிஎஸ்டி கம்பெனி 1/72ல் ஸிஸ்-5, ஸிஸ்-6, ஸ்டூடிபேக்கர் எல்லாம் போட்டிருக்கிறது. ஓர்ஷாவுக்கு ஸிஸ்-6 தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் வரலாம். ஸ்வெஸ்தாவின் 1/100 ஸிஸ்-5 பசையில்லாமல் அழுத்தி மாட்டுவது, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கட்ட ரொம்ப நல்லது.

லதோகாவுக்கு ஒரு வரிசையே வேண்டும் என்றால் 1/72தான் வழி. 60 லாரி இல்லாவிட்டாலும் நாலு லாரி, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு. 1/35ல் அந்த இடைவெளி வைக்க வீட்டுக் கூடமே போதாது. மட்கார்டு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, ஆனால் ஸப்பரோஷியா ஆலை பற்றி இன்றுதான் தெரிந்துகொண்டேன், நன்றி.

வரலாற்றுவாசகி:

இடைவெளி பற்றிச் சொன்னீர்களே, அதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞானமே இருக்கிறது. லாரி போகும்போது பனித்தட்டு கீழே வளைந்து, அடியில் தண்ணீரில் ஒரு அலை கிளம்பும். அந்த அலையின் வேகமும் லாரியின் வேகமும் ஒன்றாகிவிட்டால் வளைவு கூடிக்கொண்டே போய்ப் பனி உடையும். சுமை அதிகமான லாரி பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, சுமை குறைந்தது மூழ்கிய புதிருக்கு விடை இதுதான். லெனின்கிராட் இயற்பியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் நவும் ரெய்னோவும் அவருடைய சகாக்களும் பனியின் வளைவைப் பதிவுசெய்கிற கருவி ஒன்றைச் செய்து ஏரியில் வைத்து அளந்தார்கள். மணிக்கு 35 கி.மீ. பக்கத்தில்தான் ஆபத்து என்று கண்டுபிடித்து, அதை வைத்தே வேகத்துக்கும் இடைவெளிக்கும் விதி போட்டார்கள். அந்த முதல் குளிர்காலத்தில் மட்டும் இந்தப் பாதை வழியாக 3,61,000 டன் சரக்கு போனது, ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். திரும்பிப் போகும் லாரியில் மூட்டைக்குப் பதில் குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தார்கள்.

செம்மண்சாலை:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நன்றி அக்கா.

காஸ்-ஏஏ ஆர்டர் போட்டுவிட்டேன். இரண்டு கேள்வி பாக்கி. பனிக்கட்டித் தரையை எப்படிச் செய்வது? அப்புறம், ஓட்டுநருக்கு என்ன உடுப்பு?

மெல்லிய_தூரிகை:

தரை: பலகையில் முதலில் கரும்பச்சை கலந்த நீலச் சாம்பல் அடியுங்கள், இடம் இடமாக அடர்த்தி மாற்றி. ஏரியின் ஆழம் அதில்தான் தெரியும். அதன் மேல் தெளிந்த எப்பாக்ஸி (ஊற்றினால் இறுகும் பிசின்) இரண்டு மூன்று மில்லிமீட்டர், ஒரே தடவையில் ஊற்றாமல் இரண்டு அடுக்காக. முதல் அடுக்கு இறுகியதும் ஊசியால் விரிசல் கோடுகள் கீறி, வெள்ளை ஆயில் பெயிண்ட் தேய்த்துத் துடையுங்கள், பிறகு இரண்டாம் அடுக்கு. விரிசல் பனிக்குள்ளே இருப்பது போலத் தெரியும். மேலே பனித்தூளுக்கு சமையல் சோடா மட்டும் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாளில் மஞ்சளாகிவிடும். கண்ணாடி நுண்மணித் தூளை வெள்ளை அக்ரிலிக்கோடும் மேட் வார்னிஷோடும் பிசைந்து பூசுங்கள். சக்கரத் தடத்தில் தூள் அழுந்திப் பளபளப்பாக இருக்க வேண்டும், ஓரத்தில் தளர்வாக. நவம்பர் 22 என்பதால் தடம் ஆழமாக வேண்டாம், பாதையே அன்றுதான் பிறந்தது.

வரலாற்றுவாசகி:

உடுப்பு: பஞ்சு வைத்துத் தைத்த தெலக்ரேய்க்கா சட்டை, அதே மாதிரி கால்சட்டை, காது மூடும் உஷான்கா தொப்பி, காலில் கம்பளி வாலென்கி பூட்ஸ். மேலே நீள ஆட்டுத்தோல் கோட்டு போடலாம், ஆனால் ஓட்டும்போது குதிக்க வசதியில்லை என்பதால் நானாக இருந்தால் கோட்டைச் சீட்டில் போட்டு வைப்பேன். முகத்தை ஒடுக்கமாக அடியுங்கள், ஓட்டுநர்களுக்கும் பசிதான்.

சக்கரவியூகம்35:

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: பின் பலகையில் எண். ஒரு ரஷ்ய எழுத்து, பிறகு ஒரு இலக்கம், பிறகு இரண்டு இரண்டாக நாலு இலக்கம், வெள்ளையில் பெரிதாக. கிட்டோடு வரும் டீக்காலில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) இருக்கும். பலகைகளின் இடுக்கில் டீக்கால் உட்கார மென்மையாக்கும் திரவம் தடவி, காய்ந்ததும் இடுக்கு வழியாகப் பிளேடால் கீறிவிடுங்கள், பெயிண்டால் எழுதியது மாதிரி ஆகிவிடும். அதன் மேலேயும் தேய்மானம் போட மறக்காதீர்கள்.

கிட் வந்ததும் சேஸிஸை ஒட்டி, கண்ணாடி மேல் நிறுத்தி, முன்னாலிருந்து நேராக ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். ஸ்ப்ரிங் சாய்ந்திருந்தால் கேபினை ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம்.